கட்டளைத் தமிழும் கைநூல் தமிழும்

இலக்கியத் தொடரில் கவிதையைப் பற்றிப் பேசினால் எவரும் முகம் சுளிப்பதில்லை. சிறுகதை, நாவல், நாட்டார் பாடல், கூத்து என எதை எடுத்துக்கொண்டாலும் அப்படியே. ஆனால், ஒரு தொழிலில் பொறுப்பாக இருப்பவர்கள் தமக்குக் கீழே வேலை செய்வோரை எவ்வாறு நடத்திச் செல்வது என்று சொல்லித்தரும் கட்டுரையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால், "இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்ற கேள்வி உடனே எழும். அக்கரப்பத்தனையில் வாசிப்புப் பழக்கமுள்ள நண்பர்கள் சிலரும் என்னிடம் இதையே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடுவதே இன்றைய உரையின் நோக்கம்.

எந்த ஊருக்கு இது பொருந்தாவிட்டாலும் மலையகத்துக்குப் பொருந்தும் என்பது என் துணிபு. அக்கரப்பத்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். அக்ரா ஓயாவின் இரு மருங்கிலும் டயகம, ஹோல்புரூக், வேவர்லி, அல்பியன், பெல்மோரல் என்று தோட்டங்கள். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஒருவர் நின்று, இன்று யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிறார். மாலையில் கொழுந்து மடுவத்தில் ஒருவர் நின்று நிறுத்து எழுதுகிறார். சங்கத்தின் பெயரால் ஒருவர் பேசுகிறார். மாதர் சங்கத்தின் பெயரால் இன்னொருவர் பேசுகிறார். இவர்கள் அனைவருமே ஏதோ ஒரு விதத்தில் தலைமை தாங்குகிறவர்கள். ஒரு நாளில் இவர்கள் பேசும் நாலு வார்த்தையில் ஒரு குடும்பத்தின் அன்றைய சம்பளம் இருக்கிறது. அந்த வார்த்தையை அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? எந்த எழுத்து கற்றுக்கொடுத்தது? இதை ஆராய்வது மொழியை ஆராய்வதுதான்; ஆகவே இலக்கியத்தை ஆராய்வதுதான்.

துரைமாரின் நூலடுக்கு

1798 ஆம் ஆண்டு லண்டனில் ஒரு நூல் வெளிவந்தது. லபோரி என்பவர் எழுதியது. 'சென் டொமிங்கோவின் கோப்பித் தோட்டக்காரன்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். சென் டொமிங்கோ என்பது இன்றைய ஹெயிட்டி. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் கோப்பியும் சீனியும் விளைந்த பிரெஞ்சுக் குடியேற்றம் அது. 1791 இல் அந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804 இல் அது சுதந்திர நாடாயிற்று. லபோரியின் நூல் எந்த உலகத்துக்காக எழுதப்பட்டதோ அந்த உலகம் அங்கே அழிந்துபோயிற்று. ஆனால் நூல் அழியவில்லை. இலங்கையின் மலைகளில் காடழித்துக் கோப்பி நட்ட முதற் தலைமுறைத் துரைமாருக்கு அதுவே வழிகாட்டி நூலாக விளங்கியது. நாற்றுமேடை போடுவது எப்படி, செடியை எவ்வளவு ஆழத்தில் நடுவது, பழத்தை எவ்வாறு உரிப்பது என்பனவெல்லாம் அதில் உண்டு. வேலையாட்களை வைத்து வேலை வாங்குவது எப்படி என்பதும் உண்டு. செடியும் மனிதனும் ஒரே அட்டைக்குள், ஒரே குரலில் பேசப்பட்டன.

பின்னர் இங்கேயே அனுபவம் பெற்ற துரைமார் எழுதத் தொடங்கினார்கள். 1866 இல் சபோனடியர் எழுதிய 'இலங்கையின் கோப்பித் தோட்டக்காரன்' அவற்றுள் பெயர் பெற்றது. இவை ஆங்கில நூல்கள். தமிழில் என்ன இருந்தது? 1869 இல் ஆபிரகாம் ஜோசப் என்பவரின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அச்சாயிற்று. இலங்கை மலைநாட்டுத் தோட்ட வாழ்வைப் பாடிய மிகப் பழைய தமிழ் அச்சு நூல்களுள் ஒன்றாக ஆய்வாளர்கள் இதைக் குறிப்பிடுவார்கள். தோட்டத்தில் பொறுப்பான பதவியிலிருந்த ஒருவர், கோப்பிப் பயிர்ச் செய்கையின் ஒவ்வொரு படியையும் கும்மி மெட்டில் சொல்லி வைத்தார். எழுத்தறியாதவர் காதால் கேட்டுப் படிக்க வேண்டும் என்ற அவருடைய நோக்கம் கவனத்துக்குரியது. ஆனால் அந்தக் கும்மி தொழிலாளியைப் பார்த்துச் சொல்லும் புத்தி, துரையின் பக்கத்தில் நின்று சொல்லும் புத்தி என்ற விமர்சனமும் உண்டு. மெட்டு குடியானவனுடையது, குரல் பங்களாவினுடையது.

அதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெர்குசன் குடும்பத்தார் ஒரு சிறு கைநூலை வெளியிட்டார்கள். புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கும் சின்னத்துரைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் சட்டைப்பை நூல் அது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'இங்கே வா!' என்பதுதான் பெயர். தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதி, தோட்டத்து வேலைகளுக்கு வேண்டிய வாக்கியங்களைத் தந்த நூல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே வரிசையில் வெல்ஸ் என்பவரின் 'கூலித் தமிழ்' வந்தது. இந்தப் பெயரும் தானாகவே பேசுகிறது.

அன்பர்களே, 'இங்கே வா' என்ற அந்த இரண்டு சொற்களைச் சற்று இலக்கணக் கண்ணோடு பாருங்கள். ஒரு மனிதனை அருகே அழைப்பதற்குத் தமிழில் வா உண்டு, வாரும் உண்டு, வாங்க உண்டு, வாருங்கள் உண்டு. வயதுக்கும் உறவுக்கும் மதிப்புக்கும் ஏற்ப நாம் ஒன்றைத் தெரிந்தெடுக்கிறோம். ஐம்பது வயதுக் கங்காணியையும் பத்து வயதுப் பையனையும் ஒரே 'வா'வில் அழைக்கலாம் என்று இருபது வயதுச் சின்னத்துரைக்குக் கற்றுக்கொடுத்தது யார்? அவனுக்குத் தீய எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவன் கையிலிருந்த நூலில் மற்ற மூன்று சொற்களுக்கும் இடமில்லாதிருந்தால் போதும். தொழிலுக்கான நூல் மொழியைக் கற்பிக்கும்போது மரியாதையின் அளவையும் கூடவே கற்பித்துவிடுகிறது. பின்னர் துரை போய்விட்டார். 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது, அவற்றுள் ஒன்று அக்கரப்பத்தனையின் பெயரையே தாங்கியது. இத்தனைக்குப் பிறகும் அந்த 'வா' பல மலைகளில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது அதைச் சொல்பவரும் தமிழர், கேட்பவரும் தமிழர்.

மறுபக்கத்திலிருந்து ஒரு குரல்

இந்த நூலடுக்குக்கு எதிரே இன்னொரு நூலடுக்கை ஏறத்தாழத் தனி ஒருவராக நிரப்பத் தொடங்கியவர் கோ. நடேசய்யர். தஞ்சை மாவட்டத்தில் 1887 இல் பிறந்தவர். 1947 இல் மறைந்தவர். அவரை நாம் தொழிற்சங்கவாதியாக அறிவோம், சட்டசபை உறுப்பினராக அறிவோம், பத்திரிகையாளராக அறிவோம். ஆனால் இன்றைய நமது பொருளுக்கு முக்கியமானது வேறொன்று. இலங்கைக்கு வரும் முன்பே அவர் தஞ்சையிலிருந்து 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். கணக்குப் பதிவு, காப்புறுதி போன்றவற்றைப் பற்றித் தமிழில் எழுதியவர். அதாவது, தொழில் செய்வோருக்குப் பயன்படும்படி எழுதுவது என்ற கலையை முதலில் வியாபாரிகளிடத்தில் பழகிக்கொண்டவர். பேரேட்டில் வரவு இந்தப் பக்கம், செலவு அந்தப் பக்கம் என்று எழுதிப் பழகிய பேனாதான் பிறகு தோட்டத்துக்கு வந்தது.

புடைவை வியாபாரியைப்போல் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையை நேரில் கண்டவர் அவர். 1921 இல் 'தேசநேசன்', 1924 இல் 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளில் ஆசிரியராக எழுதினார். 1931 இல் அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936 தொடக்கம் அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் பிரதிநிதி. அவருடைய நூல்களின் பெயர்களைப் பாருங்கள்: தொழிலாளர் சட்டத்தைப் பற்றி ஒன்று, தொழிலாளரின் கடமைகளையும் உரிமைகளையும் பற்றி ஒன்று, 1931 இல் 'நீ மயங்குவதேன்?', 1937 இல் 'வெற்றியுனதே'. இவற்றிலும் 'நீ' இருக்கிறது, 'உனது' இருக்கிறது. ஆனால் 'இங்கே வா'வில் உள்ள ஒருமை வேறு, இந்த ஒருமை வேறு. அது எஜமானின் ஒருமை. இது தோளில் கைபோட்ட ஒருமை. ஒரே இலக்கண வடிவம் எழுதுபவன் நிற்கும் இடத்தைப் பொறுத்து எதிரெதிர்ப் பொருளைத் தந்துவிடுகிறது.

அந்தக் காலத்தில் இத்தகைய எழுத்துக்கு என்ன பயன் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு எடுத்துக்காட்டுத் தருகிறேன். 1927 இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1929 முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் நாட்கூலி, ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என நிர்ணயமாயிற்று. இந்த மூன்று எண்களும் ஆங்கில வர்த்தமானியில் மட்டும் கிடக்கும்வரை, கங்காணி என்ன சொன்னாரோ அதுதான் சம்பளம். தமிழில் ஒரு துண்டுப் பிரசுரத்தில் ஏறி, லயத்தில் எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசித்துவிட்டால், அதன் பிறகு எவராலும் அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. அதை வாசித்துக் காட்டியவர் அந்தக் கணத்தில் தலைவராகிவிடுகிறார். அவருக்குத் தலைமைத்துவத்தைப் பற்றி எவரும் பிரசங்கம் செய்யவில்லை. மூன்று எண்களைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாளையும் இங்கே மறக்கலாகாது. இந்தியரின் இலங்கை வாழ்க்கை நிலைமையைப் பாட்டாக எழுதி 1940 இல் நூலாக்கினார், கூட்டமேடைகளில் பாடினார். வாசிக்க முடியாதவர்களுக்கு விடயம் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை அவரிடம் இருந்தது. ஆபிரகாம் ஜோசப் கையாண்ட அதே வழி. ஆனால் குரல் இப்போது லயத்துப் பக்கத்திலிருந்து வந்தது.

அதற்கடுத்த தலைமுறையில் சி.வி. வேலுப்பிள்ளை. மடகும்புர தோட்டத்தில் 1914 இல் பிறந்து, 1947 பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர், நாவல் எழுதியவர், நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர். தொழிற்சங்கம் ஒன்றின் சஞ்சிகையான 'மாவலி'க்கு ஆசிரியராக இருந்ததும் அவரே. இலக்கியமும் தொழிற்சங்க எழுத்தும் வேறு வேறு அறைகளில் குடியிருக்க வேண்டியவை என்று அவர் நினைக்கவில்லை. இவர்களைப் பற்றியெல்லாம் நாம் இன்று தெளிவாகப் பேச முடிவதற்கு சாரல்நாடன் போன்றவர்களின் தேடல் காரணம். தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே அவர் அந்தத் தேடலைச் செய்தார் என்பதும் நமது பொருளோடு சேர்த்து நினைக்கத் தக்கதே.

உலகத்தில் மற்றோர் செய்தது

தொழிலோருக்கான தலைமைக் கட்டுரை நமக்கு மட்டும் உரிய வகையன்று. 1916 இல் பிரான்ஸ் நாட்டில் ஹென்றி பயோல் என்பவர் நிருவாகத்தைப் பற்றிய தமது கருத்துகளை வெளியிட்டார். இன்று முகாமைத்துவம் படிக்கும் மாணவர் எல்லோரும் அவருடைய பதினான்கு கொள்கைகளை ஒப்புவிக்கிறார்கள். ஆனால் அவர் பேராசிரியர் அல்லர். சுரங்கப் பொறியியலாளர், ஒரு சுரங்கக் கம்பனியை நீண்டகாலம் நடத்தியவர். அந்தக் கட்டுரை முதலில் வெளிவந்ததும் சுரங்கத் தொழிலோரின் சங்க ஏட்டில்தான். தம்மைப் போன்ற தொழிலோருக்குத் தமது அனுபவத்தை எழுதினார். அதனால்தான் அதில் உயிர் இருந்தது.

இன்னும் பின்னே போனால் அசோகச் சக்கரவர்த்தி. கலிங்கத்தில் தௌலி, ஜௌகட என்னும் இடங்களில் உள்ள தனிக் கல்வெட்டுகள் பொதுமக்களுக்காக வெட்டப்பட்டவை அல்ல. அவை அங்கிருந்த மகாமாத்திரர்களுக்கு, அதாவது நீதி நிருவாகம் பார்த்த அதிகாரிகளுக்கு எழுதப்பட்டவை. பொறாமை, முன்கோபம், கடுமை, அவசரம், சோம்பல், களைப்பு போன்றவை நீதி செய்வதைக் கெடுக்கும் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது அந்தக் கல்வெட்டு. துணிவும் தொலைநோக்கும் வேண்டும் என்று பொதுப்படப் பேசவில்லை. களைப்பு கூட நீதியைக் கெடுக்கும் என்று சொல்கிறது. நாள் முழுவதும் வழக்குக் கேட்ட அதிகாரியை அறிந்தவனால்தான் அப்படி எழுத முடியும். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. பூச நட்சத்திரம் கூடும் நாளிலெல்லாம் இதை உரக்க வாசிக்க வேண்டும், கேட்பவர் ஒருவராயினும் வாசிக்க வேண்டும் என்று அந்தக் கல்வெட்டே விதிக்கிறது. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒலிபரப்பு இல்லாத காலத்தில் செய்த ஒலிபரப்பு என்று இதைச் சொல்லலாம்.

நமது திருக்குறளின் பொருட்பாலிலும் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்', 'வினைசெயல்வகை' என்று அதிகாரங்கள் வருகின்றன. பொறுப்பிலிருப்பவன் ஆளைத் தேர்வதும், தேர்ந்தபின் வேலையை அவனிடம் ஒப்படைப்பதும், வேலையை முடிப்பதும் தனித்தனியே வகுக்கப்பட்டிருக்கின்றன. மேடையில் குறளை முழங்குகின்ற நாம், அது ஒரு வேலைக் கைநூலும் ஆகும் என்பதை நினைப்பது குறைவு.

மூன்றாவது ஆள்

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்குத் தெளிவான ஒரு விடயத்தைச் சொல்கிறேன். கதைக்கு இரண்டு பேர் போதும்: எழுதுபவர், வாசிப்பவர். தலைமைக் கட்டுரைக்கு மூன்று பேர் உண்டு: எழுதுபவர், வாசிக்கும் பொறுப்பாளர், அந்தப் பொறுப்பாளரின் கீழ் வேலை செய்யும் ஆள். இந்த மூன்றாவது ஆள் கட்டுரையை வாசிப்பதில்லை. ஆனால் கட்டுரை முழுவதும் அவரைப் பற்றியது. கட்டுரை தவறாக எழுதப்பட்டால் நட்டம் அவருக்கே.

ஆகவே இத்தகைய எழுத்தை அளப்பதற்கு எளிய அளவுகோல் ஒன்றுண்டு. எழுதியதை அந்த மூன்றாவது ஆளின் முன்னால் உரக்க வாசிக்க முடியுமா? 'இங்கே வா'வையும் 'கூலித் தமிழை'யும் பெரட்டுக் களத்தில் நின்று வாசித்திருக்க முடியாது. நடேசய்யரின் பிரசுரங்களை வாசிக்க முடியும். அவை வாசிப்பதற்காகவே எழுதப்பட்டவை. அசோகனின் கல்வெட்டை அதிகாரியின் முன்னும் வாசிக்கலாம், அந்த அதிகாரியிடம் நீதி கேட்டு வந்தவனின் முன்னும் வாசிக்கலாம். வாசிக்கக் கூசும் இடம் எதுவோ, அந்த இடத்தில்தான் கட்டுரை பிழைத்திருக்கிறது.

இனி, எழுத விரும்புவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். முதலில் ஒரு வாக்கியத்தைக் கேளுங்கள்: "தலைவர் எனப்படுபவர் தொலைநோக்கும் துணிவும் தியாக மனப்பான்மையும் கொண்டவராகத் திகழ வேண்டும்." இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இதை வாசித்த தோட்டத் தலைவர் நாளைக் காலையில் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய முடியாது. வாசித்து முடித்ததும் ஒரு சுகம் வரும், அவ்வளவுதான்.

இப்போது இன்னொன்றைக் கேளுங்கள். "கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோ கழிப்பதாக உங்கள் தோட்டத்துப் பெண்கள் முறையிட்டால், உடனே சத்தம் போடாதீர்கள். அடுத்தடுத்து மூன்று நாள் தராசடியில் நில்லுங்கள். ஒரு கொப்பியில் திகதி, பெயர், தராசு காட்டிய நிறை, செக்ரோலில் எழுதிய நிறை என நாலு நிரல் போடுங்கள். கழிவுக்கு என்ன காரணம் என்று நிறுப்பவரிடம் பெண்களின் முன்னாலேயே மரியாதையாகக் கேளுங்கள்; அவர் சொன்னதையும் எழுதுங்கள். நாலாம் நாள் வெளிக்கள உத்தியோகத்தரிடம் கொப்பியைக் காட்டுங்கள். தீராவிட்டால் முகாமையாளருக்குத் திகதியிட்ட கடிதம். பிரதி உங்களிடம் இருக்கட்டும். அதிலும் தீராவிட்டால் அந்தப் பிரதியோடு தொழில் திணைக்களத்துக்குப் போங்கள்." இதில் 'தலைமை' என்ற சொல்லே கிடையாது. ஆனால் இதைச் செய்து முடித்தவர் தலைவர்தான். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 கிலோ கழிந்தால் 20 நாளில் 40 கிலோ. 30 பெண்களுக்கு 1,200 கிலோ. கட்டுரைக்குள் இந்தக் கணக்கையும் போட்டுக் காட்டிவிட்டால், எதற்காக மூன்று நாள் தராசடியில் கால்கடுக்க நிற்க வேண்டும் என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

இரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வகுத்துச் சொன்னால் இப்படி வரும். ஒன்று, கட்டுரை ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். 'சிறந்த தலைவராவது எப்படி' என்பது நூறு வேலை. 'கழிவுக் கிலோவைப் பற்றிப் பேசுவது எப்படி' என்பது ஒரு வேலை. இரண்டு, செய்பவர் யார் என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் தெரிய வேண்டும். நமது அலுவலகத் தமிழுக்குப் 'படு' என்ற துணைவினையில் அளவுகடந்த பிரியம். 'கழிக்கப்பட்டது', 'அறிவிக்கப்பட்டது', 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதினால், யார் கழித்தார், யார் அறிவித்தார், யார் எடுப்பார் என்பது மறைந்துவிடும். பொறுப்பைப் பற்றிய கட்டுரையில் பொறுப்பாளி மறைந்துபோவது நல்லதன்று. மூன்று, அந்தத் தொழிலில் வழங்கும் சொல்லையே எழுத வேண்டும். பெரட்டு, கவ்வாத்து, நிரை, அரைப்பேர், கைக்காசு என்பவை எல்லாம் தோட்டத்தார் வாயில் உருண்டு மெருகேறிய சொற்கள். 'அரைப்பேர்' என்பதை அகராதித் தமிழில் விரித்து எழுதினால், யாருக்காக எழுதுகிறோமோ அவரே தடுமாறுவார். நான்கு, சொன்னபடி செய்தும் காரியம் ஆகாவிட்டால் அடுத்தது என்ன என்பதைச் சொல்லியே தீர வேண்டும். வெற்றியை மட்டும் வாக்களிக்கும் கட்டுரை, தோல்வி வரும் நாளில் வாசகரைத் தனியே விட்டுவிடுகிறது.

ஐந்தாவது, எதிரே நிற்பவரின் நெருக்கடியையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தராசடியில் நிற்பவரும் ஒரு சம்பளக்காரரே. ஈரக் கொழுந்து தொழிற்சாலைக்குப் போய் வாடியபின் நிறை குறைந்தால் கேள்வி அவரைத்தான் கேட்பார்கள். இதை எழுதினால் கட்டுரை பலவீனமாகிவிடும் என்று நம்மவர்கள் சிலர் பயப்படுகிறார்கள். இல்லை, பேச்சுவார்த்தைக்குப் போகும் தலைவருக்கு எதிராளியின் பதில் முன்கூட்டியே தெரிந்திருப்பதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது.

இன்றைய தேவை

இவையெல்லாம் பழங்கதை அல்ல. 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் ஊடாக நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. அதில் 900 ரூபா அடிப்படை, 100 ரூபா வரவு செலவுத் திட்டப் படி. 2024 செப்டம்பரில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வெளிவந்தது. செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஆனால் ஒரு முழுப் பேருக்கு எத்தனை கிலோ, மழையால் இடையில் நின்ற நாளுக்கு என்ன கணக்கு, அதைப் பற்றி யாரிடம் எந்த ஒழுங்கில் பேசுவது என்பவையே லயத்தில் எழும் கேள்விகள். அவற்றுக்கு விடை தரும் நல்ல தமிழ்க் கட்டுரைகளை விரல்விட்டு எண்ணலாம். சம்பளம் எண்ணால் கூடுகிறது, கிலோவால் குறைகிறது. நடுவே நிற்கும் தலைவரின் கையில் எழுத்தில்லை.

தலைவர்களும் மாறிவிட்டார்கள். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் அக்கரப்பத்தனைக்குத் தனிப் பிரதேச சபை கிடைத்தது. முன்பு அது நுவரெலியா பிரதேச சபையின் கீழ் இருந்தது. பெண்களுக்கு 25 வீத இடஒதுக்கீடு அளிக்கும் ஏற்பாடு அந்தத் தேர்தலில்தான் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. தாய்மார் வாக்குரிமைகூட இல்லாமல் வாழ்ந்த ஒரு சமூகத்தில், மகள்மார் சபையில் அமரும் காலம் வந்தது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் பறித்ததை, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை சிறிது சிறிதாக மீட்டெடுத்து வந்த சமூகம் இது. ஆனால் சபையில் ஒரு பிரேரணையை எப்படி எழுதுவது, வரவு செலவுப் பத்திரத்தில் எந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பது, தவிசாளர் பேச அனுமதி மறுத்தால் எந்த விதியைச் சுட்டுவது என்பவற்றைக் கொழுந்தெடுத்துவிட்டு மாலையில் வந்து அமரும் ஒரு பெண்மணிக்குப் புரியும்படி எழுதியவர் எத்தனை பேர்?

தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925 இல் தொடங்கியது. கவ்வாத்து எந்த உயரத்தில் வெட்டுவது, பசளை எந்த மாதம் இடுவது என்பதை அங்கே ஆராய்ந்து, ஆங்கில ஏட்டில் எழுதித் துரைமாருக்கு அனுப்பினார்கள். செடிக்கு அத்தனை கவனத்தோடு எழுதும் மரபு இந்த மலையில் இருக்கிறது. லபோரியின் நூலில் செடியும் மனிதனும் ஒரே அட்டைக்குள் இருந்தார்கள் என்றேன். நாம் செடியைப் பற்றிய எழுத்தைத் திருத்தி, வளர்த்து, விஞ்ஞானமாக்கிவிட்டோம். மனிதனைப் பற்றிய எழுத்து 'வா'விலிருந்து 'வாருங்கள்' என்ற இடத்துக்குக்கூட முழுதாக வந்து சேரவில்லை.

எழுதும் ஆற்றல் உள்ளவர்கள் மலையகத்தில் ஏராளம். கவிதைத் தொகுதிகள் வருகின்றன, சிறுகதைகள் பரிசு பெறுகின்றன. அவர்களுள் ஒரு சிலராவது ஆண்டுக்கு ஒரு கட்டுரை, ஒரே ஒரு வேலையைப் பற்றி, இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல் எழுத வேண்டும். புதிதாகத் தெரிவான தலைவி முதல் கூட்டத்தை நடத்துவது எப்படி. மலையில் குளவி கொட்டியவரை எவ்வளவு விரைவில், யாருடைய அனுமதியோடு, எந்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. சம்பளச் சீட்டில் கழித்த தொகையைப் பற்றிக் கேட்கும் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று பொருள்கள் காத்துக் கிடக்கின்றன. எழுதி முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்பும் முன், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கும் இரண்டு பேர் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களோ, அந்த வரியைத் திருப்பி எழுதுங்கள்.